மூணு கார்ப்ல ரெண்டைத் தூங்க வைக்கிறது

1966 பான்டியாக் ஜிடிஓங்கற பழைய அமெரிக்க கார வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. அதுல மூணு வருஷம் ரெஸ்டோரேஷன், மீதி மூணு வருஷத்துல முதல் கோடைக்காலம் முழுக்க அதுல இருக்கற மூணு கார்புரேட்டரோட (சுருக்கமா கார்ப், காத்துல பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு விடறது) மல்லுக்கட்டுனதுதான். பாடி வேலை, பெயின்ட், சீட் எல்லாத்தையும் பத்தி எழுதறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. நான் அந்த ஒரு கோடைக்காலத்த பத்தி மட்டும் எழுதறேன். ஏன்னா நான் பண்ணுன தப்பு, ரெண்டு கார்ப் வண்டி ஓட்டிப் பழகுன யாரும் பண்ணக்கூடிய தப்பு, அத பண்ணிட்டு நாலு மாசம் புரியாம நின்னேன்.

மிச்சிகன்ல இருக்கேன், டெட்ராய்ட்டுக்கு வடக்க. இங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் கார் கம்பெனிங்கள்லயோ அதுக்கு பார்ட்ஸ் கொடுக்கற கம்பெனிங்கள்லயோதான் இருக்காங்க, நானும் அப்படித்தான் வந்தேன். ஆஃபீஸ்ல நான் பாக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டற எஞ்சின். சென்சார் சொல்லும், இன்ஜெக்டர் அளந்து ஊத்தும். வீட்டுக்குப் பக்கத்துல உட்வர்ட் அவென்யூ ஓடுது, டெட்ராய்ட் டவுன்டவுன்ல ஆரம்பிச்சு பான்டியாக் ஊர் வரைக்கும் போற ரோடு. 1995-லேர்ந்து ஆகஸ்ட் மாசத்துல அதுல பழைய கார் ஊர்வலம் நடக்கும், உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்னு சொல்வாங்க. முதல் தடவை அத பாக்க போனப்ப ஒரு ஜிடிஓ சிக்னல்ல நின்னுச்சு. ஐடில்ல, அதாவது நின்ன இடத்துல எஞ்சின் சும்மா ஓடறப்ப, அந்த சத்தம் நெஞ்சுக்குள்ள தட்டுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ஜிடிஓ கதை கொஞ்சம் சொல்லிடறேன், தெரியாதவங்களுக்கு. அறுபதுகள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு உள் விதி இருந்துச்சு, நடுத்தர சைஸ் கார்ல 330 க்யூபிக் இஞ்சுக்கு மேல எஞ்சின் வைக்கக்கூடாதுன்னு. அந்த கம்பெனியோட ஒரு பிரிவுதான் பான்டியாக், அதுல எஞ்சினியரா இருந்த ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ மூணு பேரும் சேந்து, பெரிய கார்ல இருந்த 389 க்யூபிக் இஞ்ச் எஞ்சினை டெம்பெஸ்ட்ங்கற நடுத்தர கார்ல இறக்கிப் பாத்தாங்க. அதுல ஏற்கனவே இருந்த எஞ்சினுக்கும் இதுக்கும் மவுண்ட் ஒத்துப்போச்சு. தனி மாடல்னு சொன்னா மேலிடம் தடுக்கும், அதனால 1964-ல டெம்பெஸ்ட்லயே உசத்தி ரகமான லீமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷன் பேக்கேஜ்னு போட்டு வித்தாங்க. முதல்ல 5,000 வண்டிக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க, அந்த வருஷம் வித்தது 32,450. 1966-லதான் அது தனி மாடல் ஆச்சு, அந்த வருஷம் 96,946 வண்டி. அதுல மூணு கார்ப் வச்ச ட்ரை-பவர் 19,045.

389 க்யூபிக் இஞ்ச்னா நம்ம கணக்குல கிட்டத்தட்ட 6.4 லிட்டர். எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டர் மட்டும் 797 சிசி வரும். மாருதி 800-ல மூணு சிலிண்டரும் சேந்து 796 சிசி. அதாவது ஒரு முழு மாருதி எஞ்சின் அளவு இங்க ஒரே ஒரு பிஸ்டனுக்கு, அந்த மாதிரி எட்டு. இதுக்கு மூச்சு விட எவ்வளவு காத்து வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த காத்துக்காகத்தான் ட்ரை-பவர். 1957-லயே பான்டியாக் அத பெரிய கார்கள்ல கொண்டு வந்துட்டாங்க. ராச்செஸ்டர் 2ஜி வகை கார்புரேட்டர் மூணு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஓட்டை, மொத்தம் ஆறு, காத்தை எல்லா சிலிண்டருக்கும் பிரிச்சுக் கொடுக்கற ஒரே இன்டேக் மேனிஃபோல்டு மேல வரிசையா உக்காந்திருக்கும். மேல மூணு குட்டி குரோம் ஏர் கிளீனர். பானெட்டைத் திறந்தா முதல்ல கண்ணு போறது அங்கதான். 1966-ல இதுக்கு 360 குதிரைசக்தின்னு போட்டு வித்தாங்க.

நான் வாங்குனது ஒஹையோல ஒரு பண்ணை கொட்டாய்லேர்ந்து. ட்ரை-பவர்னு சொல்லி விக்கற வண்டில பாதி, பின்னாடி யாரோ ஸ்வாப் பண்ணுனதா இருக்கும், அதனால போறப்பவே டார்ச் எடுத்துட்டுப் போனேன். சேசிஸ் நம்பர் 242-ல ஆரம்பிக்கணும், அதுதான் 66 ஜிடிஓ. எஞ்சின் ப்ளாக் முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழ ரெண்டு எழுத்து அடிச்சிருக்கும். எண்ணெய் பிசுக்கை வயர் ப்ரஷ் வச்சு தேய்ச்சுத் தேய்ச்சு பாத்தா டபிள்யூஎஸ். மேனுவல் கியர் ட்ரை-பவர் எஞ்சின். கை நடுங்குச்சு, ஆனா முகத்துல காட்டிக்கல, விலை பேச வேண்டியிருந்துச்சே. அப்புறம் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்ல எழுதிப் போட்டு அந்த வண்டியோட பழைய ஃபேக்டரி பில் காப்பியும் வாங்கினேன், அதுலயும் மூணு கார்ப்னு இருந்துச்சு.

எஞ்சின் ரீபில்டைப் பத்தி சுருக்கமா சொல்றேன். கம்பெனி சொன்ன கம்ப்ரஷன் 10.75-க்கு 1. அந்த காலத்து லெட் கலந்த ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கு அது சரி. லெட் பெட்ரோல் இங்க 1996-லேர்ந்து ரோட்டுக்கு முழுசா தடை. இப்ப பம்ப்ல கிடைக்கற 93 ஆக்டேன் பெட்ரோல்ல அந்த கம்ப்ரஷன் வச்சா, மேட்டுல ஏறும்போது டப்பால கோலிகுண்டு போட்டு ஆட்டுன மாதிரி தட்டும். குழி பிஸ்டன் போட்டு 9.4-க்குக் கொண்டு வந்தேன், எக்ஸாஸ்ட் வால்வுக்கு கடினமான சீட் போட்டேன். ஒரிஜினாலிட்டி போச்சுன்னு சிலர் சொல்வாங்க. ஓடாத ஒரிஜினல் எனக்கு வேண்டாம்.

மூணு கார்ப்பையும் மட்டும் நான் செய்யல. வெளிய ஒரு ரீபில்ட் கடைக்கு அனுப்புனேன், பேர் வேண்டாம். நல்லா தங்கக் கலர் வந்து, புதுசு மாதிரி பளபளன்னு திரும்பி வந்துச்சு. மாட்டுனேன். ஸ்டார்ட் ஆச்சு. அங்கேர்ந்துதான் தொல்லை.

ஐடில் 1,150 ஆர்பிஎம்முக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. சென்டர் கார்ப்ல இருக்கற ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவ முழுசா வெளிய எடுத்தாச்சு, காத்து வழியத் திறந்து மூடற த்ராட்டில் லீவரை அது தொடவே இல்ல, அப்பவும் 1,150. பெட்ரோல்-காத்து கலவைய மாத்தற மிக்ஸ்சர் ஸ்க்ரூவ உள்ள திருப்புனாலும் வெளிய திருப்புனாலும் எஞ்சின் பெருசா கண்டுக்கல. எஞ்சின் உறிஞ்சற பலத்தைக் காட்டற வேக்யூம் கேஜ்ல வெறும் 11 இஞ்ச், அதுவும் முள்ளு நடுங்கிட்டே இருக்கு. சிக்னல்ல நின்னா வண்டி ஜுரம் வந்த ஆள் மாதிரி உதறுது.

எங்க சித்தப்பா திருச்சில ராஜ்தூத் 350 வச்சிருந்தாரு. யமஹா ஆர்டி350 பைக்கை எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்தியால செஞ்சு வித்தது, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்ப். ஞாயித்துக்கிழமை காலைல திண்ணைக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி டியூன் பண்ணுவாரு, நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். "டேய், மொதல்ல கரண்ட்டப் பாரு, அப்புறம் கார்ப்பத் தொடு" அப்படின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாருன்னு கணக்கில்ல. ப்ளக்குக்குப் போற கரண்ட்டை வெட்டி விடற பாயின்ட் சரியில்லாம கார்ப்பத் தொட்டா ரெண்டும் கெட்டுப்போகும்னு சொல்வாரு. அதனால நான் மொதல்ல கரண்ட்டத்தான் பாத்தேன். பாயின்ட் ட்வெல் 30 டிகிரி, டைமிங் 6 டிகிரி, வேக்யூம் ஹோஸைக் கழட்டி அடைச்சு வச்சு செக் பண்ணேன், பெர்ஃபெக்ட். பயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, ஒவ்வொரு வயரா கையால தடவிப் பாத்தேன். எட்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு. இன்டேக் கேஸ்கெட் சுத்தி கார்ப் கிளீனர் அடிச்சுப் பாத்தேன், ஆர்பிஎம் அசையல.

இது வரைக்கும் சித்தப்பா பாடம் சரியா வேலை செஞ்சுச்சு. அவர் சொல்லிக்கொடுத்த அடுத்த பாடத்தையும் எடுத்துட்டு வந்து இங்க வச்சதுதான் தப்பு.

ஆர்டி350-ல ரெண்டு கார்ப்பும் ஒரே மாதிரி வேலை செய்யணும். ரெண்டு சிலிண்டருக்கும் ரெண்டு கார்ப், ஆளுக்கு ஒண்ணு. ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு ரெண்டு ஸ்லைடுக்குக் கீழயும் விரல விட்டு, ஆக்சிலேட்டரை மெதுவா திருக்கி, ரெண்டும் ஒரே நேரத்துல தூக்குதான்னு தொட்டுப் பாப்பாரு. கேபிள் அட்ஜஸ்டர்ல கால் சுத்து, அரை சுத்துன்னு திருப்பி சமம் பண்ணுவாரு. ஒண்ணு முந்துனா வண்டி ஒரு பக்கமா இழுக்கற மாதிரி ஓடும். "ரெட்டை மாடு, ஒண்ணா நடக்கணும்"னு சொல்வாரு. எனக்கு பத்து வயசுல மண்டைல ஏறுனது அது. அப்போ மூணு கார்ப்னா மூணும் ஒண்ணா நடக்கணும், அவ்வளவுதானே?

அதனால நான் காத்து அளக்கற மீட்டர் ஒண்ணு வாங்கினேன், கார்ப் வாய் மேல வச்சா எவ்வளவு காத்து உறிஞ்சுதுன்னு காட்டும். வச்சுப் பாத்தா நடு கார்ப் நல்லா இழுக்குது, பின்னாடி கார்ப் கொஞ்சம் இழுக்குது, முன்னாடி அத விட கம்மி. ஆஹா, சமம் இல்ல, இதுதான் வியாதின்னு நெனச்சு, மூணு கார்ப்பையும் பெடலோட இணைக்கற லிங்கேஜ் ராடை சுருக்கி, முன்னாடி பின்னாடி ரெண்டையும் லேசா திறந்து வச்சு, மூணுக்கும் ஒரே ரீடிங் வர வச்சேன். ஒரு முழு சனிக்கிழமை. ஐடில் 1,400-க்குப் போச்சு, கராஜ்ல கண்ணு எரியுது, ப்ளக்கைக் கழட்டுனா மூணு கறுப்பு, ரெண்டு வெள்ளை, மீதி நடுவுல. அதுக்கப்புறம் ஜெட் மாத்துனேன். ப்ளோட் லெவலை மூணு தடவை செட் பண்ணேன். பெட்ரோல் பம்ப் பிரஷர் அளந்தேன், அஞ்சரை பிஎஸ்ஐ, ஒண்ணும் தப்பில்ல. ஜூன் போச்சு, ஜூலை போச்சு. ஆகஸ்ட்ல உட்வர்ட் ஊர்வலம் நடந்தப்ப என் வண்டி கராஜ்ல.

பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, எண்பது தாண்டிட்டாரு, பான்டியாக் ஃபேக்டரில எஞ்சின் லைன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு நடக்கும்போது என் கராஜ் வாசல்ல நிப்பாரு. நான் பண்ணுனதெல்லாம் ஒப்பிச்சேன். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. மூணு கார்ப்லயும் சேத்து ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு.

எண்ணுனேன். நடு கார்ப்ல ரெண்டு. முன்னாடி இல்ல. பின்னாடி இல்ல.

சோக் எத்தனை? நடுவுல ஒண்ணு. ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூ? நடுவுல ஒண்ணு. அப்போ மத்த ரெண்டும் ஐடில்ல என்ன வேலை பாக்கணும்னு நினைக்கறேன்னு கேட்டாரு. அவ்வளவுதான், நாய் இழுக்க, போயிட்டாரு.

நான் அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். நாலு மாசமா கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. ட்ரை-பவர்ல மூணு கார்ப் இல்ல. ஒரு கார்ப் இருக்கு, கூட ரெண்டு கதவு இருக்கு. ஊருக்குள்ள ஓட்டறப்ப, ஹைவேல சீரா போறப்ப, எல்லாமே நடுவுல இருக்கறது ஒண்ணே பாத்துக்கும். பெடல பாதிக்கு மேல அமுக்குனாத்தான் லிங்கேஜ் மத்த ரெண்டையும் பிடிச்சு இழுக்க ஆரம்பிக்கும், தரையோட அமுக்குனா மூணும் சேந்து முழுசா திறக்கும். அது வரைக்கும் ரெண்டும் இறுக்கமா மூடியிருக்கணும். லேசா இல்ல, சுத்தமா. தூங்கற புள்ளைங்க மாதிரி. அதுங்க வழியா ஐடில்ல போற ஒவ்வொரு துளி காத்தும் திருட்டுக் காத்து, நடு கார்ப் கணக்குல வராத காத்து. நான் மீட்டர்ல பாத்த அந்த "கொஞ்சம் இழுக்குது" இருக்கே, அதுவேதான் வியாதி, நான் அத குறைக்காம கூட்டிவிட்டிருக்கேன்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டில இந்த ரெண்டையும் திறக்கறதுக்கு வேக்யூம் டயாஃப்ரம் இருக்கும், என் வண்டி நாலு கியர் மேனுவல், அதனால ராடும் லீவரும்தான். அது வேற ஏற்பாடு, ஆனா விதி ஒண்ணுதான்.

சரி, திருட்டுக் காத்து எந்தப் பக்கம் அதிகம்னு எப்படி கண்டுபிடிக்கறது? இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, கார்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ஓட்டையே இல்லாத தகடு ஒண்ணு வச்சு அடைச்சுடறது. கேஸ்கெட்டை வச்சு அளவு எடுத்தேன், தகடு இல்ல. வீட்டுக்காரம்மா சமையல்கட்டுலேர்ந்து அந்த நீல கலர் பட்டர் பிஸ்கட் டின் எடுத்துட்டு வந்து, "என்னங்க, இது பத்துமா பாருங்க"ன்னு நீட்டுனாங்க. மூடியும் அடியும் வெட்டுனா சரியா ரெண்டு தகடு. போல்ட்டுக்கு நாலு ஓட்டை, மேலயும் கீழயும் கேஸ்கெட்.

மொதல்ல முன் கார்ப்புக்கு அடியில வச்சு மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். அதுக்கு முன்னாடியே லிங்கேஜை பழைய அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். 1,150-லேர்ந்து 1,020. அப்புறம் பின் கார்ப்புக்கும் வச்சேன். ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல அணைஞ்சு போச்சு.

அணைஞ்சு போச்சுங்கறது இருக்கே, அந்த நாலு மாசத்துல எனக்கு கிடைச்ச முதல் நல்ல சேதி அதுதான். ஐடில் ஸ்க்ரூ முழுசா வெளிய இருக்கு, திருட்டுக் காத்து நின்னுடுச்சு, அப்போ எஞ்சின் அணையத்தான் செய்யணும். ஸ்க்ரூவ உள்ள கொண்டு வந்தேன், 750-ல நின்னுச்சு. மிக்ஸ்சர் ஸ்க்ரூவ கால் சுத்து திருப்புனா இப்ப எஞ்சின் பதில் சொல்லுது, உள்ள போனா தடுமாறுது, வெளிய வந்தா கனக்குது. வேக்யூம் 16, முள்ளு அசையாம நிக்குது. வெறும் பிஸ்கட் டின்.

அடுத்த நாள் ரெண்டு கார்ப்பையும் கழட்டி அடிப்பாகத்தை மட்டும் தனியா பிரிச்சேன். த்ராட்டில் ஷாஃப்ட்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டுனா ஆடுது. அறுபது வருஷ தேய்மானம், கார்ப் உடம்புல ஷாஃப்ட் சுத்திச் சுத்தி ஓட்டை முட்டை வடிவம் ஆயிடுச்சு. ரீபில்ட் பண்ணுன கடைல கலர் போட்டாங்களே ஒழிய, தேஞ்ச ஓட்டைக்கு புது புஷ் போடல. பொண்ணுக்கு அப்ப பதினொரு வயசு. பின் கார்ப் அடிப்பாகத்தை அவ கைல கொடுத்து, ஜன்னல் வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பாரும்மான்னேன். ஒரு கண்ண மூடிக்கிட்டு பாத்துட்டு, "அப்பா, இங்க நிலா தெரியுதுப்பா"ன்னா.

வாங்கிப் பாத்தேன். ரெண்டு ஓட்டைல ஒண்ணுல, மூடியிருக்கற வட்டத் தகட்டோட ஓரத்துல, மெல்லிசா பிறை மாதிரி வெளிச்சம். நகத்துண்டு அளவு. அந்தத் தகடு பாக்க வட்டமா தெரியுமே தவிர கொஞ்சம் நீள்வட்டம், ஓரம் சாய்வா செதுக்கியிருக்கும், ஒரு பக்கமாத்தான் பொருந்தும். அத திருப்பிப் போட்டு மாட்டியிருந்தாங்க. முன் கார்ப்ல பிறை இல்ல, சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வளையம், அது ஷாஃப்ட் ஆட்டத்தால வந்தது. அதான் முன்னாடி கம்மியாவும் பின்னாடி அதிகமாவும் இழுத்துச்சு.

இத சரி பண்றது பொறுமை வேலை. தகட்டைப் பிடிச்சிருக்கற குட்டி ஸ்க்ரூவோட பின் முனைய கம்பெனிலயே நசுக்கி விட்டிருப்பாங்க, கழண்டு எஞ்சினுக்குள்ள விழக்கூடாதுன்னு. அத அப்படியே திருப்புனா ஸ்க்ரூ ஷாஃப்ட்டுக்குள்ளயே உடையும், அதனால நசுங்குன முனைய மட்டும் சின்ன கல் வச்சு தேய்ச்சு எடுத்துட்டுத்தான் கழட்டணும். ஓட்டைய நேரா துளைச்சு வெண்கல புஷ் இறக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு மெஷினிஸ்ட்கிட்ட கொடுத்தேன், கைல ட்ரில் பிடிச்சு பண்ற வேலை இல்ல அது. ஷாஃப்ட் வந்ததும் தகட்டை லூசா மாட்டி, த்ராட்டிலை முழுசா மூடி, ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால லேசா தட்டித் தட்டி அது தானா மையத்துல உக்கார வைக்கணும். வெயில்ல பாக்கணும். வெளிச்சம் தெரிஞ்சா திரும்ப லூஸ் பண்ணு, திரும்ப தட்டு. பொண்ணு பாப்பா, "இன்னும் இருக்குப்பா", "இன்னும் கொஞ்சம்", "இப்ப இல்ல". அவ இல்லன்னு சொன்னப்புறம்தான் ஸ்க்ரூவ இறுக்குவேன், லாக் டைட் போட்டு, முனையையும் திரும்ப நசுக்கி விட்டேன். நாலு தகட்டுக்கு ஒரு மதியம் போச்சு. ஆஃபீஸ்ல லட்சக்கணக்கு டாலர் டெஸ்ட் பெஞ்ச்ல கூட எனக்கு இப்படி ஒரு மதியம் கிடைச்சதில்ல.

லிங்கேஜ் செட் பண்றது அதுக்கப்புறம். வீட்டுக்காரம்மா டிரைவர் சீட்ல உக்காந்து பெடல தரையோட அமுக்குவாங்க, எஞ்சின் ஆஃப்ல, நான் மேலேர்ந்து மூணு வாய்க்குள்ளயும் பாப்பேன், ஆறு தகடும் நிமிந்து நிக்குதான்னு. கால விட்டா ஆறும் மூடணும், முன் பின் ரெண்டும் நடுவுக்கு முந்தி மூடணும், கடைசி மில்லிமீட்டர்ல ராடு அதுங்கள இழுத்துப் பிடிச்சிருக்கக் கூடாது, கொஞ்சம் லூஸ் இருக்கணும். ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு போடுன்னு பெரியவர் சொன்னாரு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு. ஆறு ஓட்டையும் திறந்தபடி மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு அவர் விவரிக்கல, எனக்கும் தேவைப்படல.

இத்தோட முடியல, இன்னும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, வண்டி சூடா இருக்கும்போது நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா நேரம் எடுக்கும், பெட்ரோல் வாடை தூக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால், பழைய பெட்ரோலை விட சீக்கிரம் கொதிக்குது. போதாததுக்கு எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக்குக்கு அடியில கொண்டு போற ஒரு வழி இருக்கு, குளிர்காலத்துல சோக் சீக்கிரம் திறக்கறதுக்காக. என் வண்டி நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் போர்வைக்குள்ள தூங்குது, அதுக்கு எதுக்கு அந்தச் சூடு? அந்த வழிய அடைச்ச கேஸ்கெட் போட்டேன். இது புது ஐடியா இல்ல, அறுபதுகள்லயே ராயல் ஓக்ல இருந்த ராயல் பான்டியாக்ங்கற டீலர், பாப்கேட்னு ஒரு டியூனிங் கிட் போட்டுக் கொடுப்பாங்க, அதுலயே இது ஒரு அயிட்டம். அவங்க பவருக்காக பண்ணாங்க, நான் கொதிக்காம இருக்கறதுக்காக பண்ணேன். அடைச்சதும் வித்தியாசம் உடனே தெரிஞ்சுச்சு, இப்ப சூட்டுலயும் அரை சுத்துல பிடிக்குது. சோக் மட்டும் திறக்க நேரம் எடுக்கும், பரவால்ல.

ரெண்டாவது, பெடல அமுக்கி முன் பின் கார்ப் திறக்கற அந்த நொடில வண்டி ஒரு தடவை மூச்சு நிக்கற மாதிரி தொங்கி, அப்புறம் பாயும். அது ஆக்சிலரேட்டர் பம்ப். திடீர்னு காத்து உள்ள பாயும்போது பெட்ரோல் பின்தங்கிடும், அந்த இடைவெளிக்கு ஒரு பீச்சு பீச்சறதுதான் அதோட வேலை. உள்ள இருக்கற கப் எத்தனால்ல ஊறி உப்பி, அப்புறம் காஞ்சு விறைச்சுப் போயிருந்துச்சு. எத்தனால் தாங்கற புது கப் போட்டதும் சரியாச்சு. இது ஏன் முன் பின் கார்ப்புக்கே அதிகமா வருதுன்னா, அதுங்கள நாம திறக்கறதே இல்ல. பயந்து பயந்து மெதுவா ஓட்டுனா அந்த ரெண்டு கிண்ணத்துலயும் இருக்கற பெட்ரோல் அப்படியே நின்னு, ஆவியாகி, அடியில பிசின் மாதிரி படிஞ்சுடும். ட்ரை-பவர் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு ஒவ்வொரு தடவை வெளிய எடுக்கும்போதும் ஒரு தடவையாவது, காலியான ரோட்ல, எஞ்சின் நல்லா சூடானப்புறம், முழுசா அமுக்கி விடுங்க. அதுங்களுக்கு அது மருந்து.

ஒரு உண்மையையும் சொல்லணும். 1967-லேர்ந்து ஜெனரல் மோட்டார்ஸ் ஒண்ணு ரெண்டு கார தவிர மத்ததுல இந்த பல கார்ப் ஏற்பாட்டையே நிறுத்திட்டாங்க. அந்த வருஷ ஜிடிஓல எஞ்சின் 400 க்யூபிக் இஞ்ச், மேல ஒரே ஒரு க்வாட்ராஜெட் கார்ப், ஹெச்ஓங்கற (ஹை அவுட்புட்) எஞ்சினுக்கு போட்ட குதிரைசக்தி நம்பர் அதே 360. நாலு ஓட்டைல ரெண்டு சின்னது, ரெண்டு பெருசு, சின்னது எப்பவும் வேலை பாக்கும், பெருசு தேவைப்பட்டா திறக்கும். அதே யோசனைதான், ஒரே டப்பால. டியூன் பண்றதுக்கும் அது சுலபம். எனக்கு இது நல்லா தெரியும். இருந்தும் அந்த மூணும் வரிசையா நிக்கறத, எது எப்ப திறக்குதுன்னு கண்ணால பாக்க முடியறத, விட மனசு வரல. ஒரு எஞ்சினுக்கு எப்ப எவ்வளவு பசிக்குதுன்னு தொட்டுப் பாத்து தெரிஞ்சுக்கற மாதிரி இருக்கு அது.

செப்டம்பர் கடைசில, மரமெல்லாம் மஞ்சளாக ஆரம்பிச்ச ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, சித்தப்பாவுக்கு வாட்ஸ்ஆப்ல வீடியோ போட்டேன். அவருக்கு இப்ப எழுபத்தி மூணு, காது கொஞ்சம் மந்தம், ஆனா எஞ்சின் சத்தம்னா போனைக் காதோட ஒட்டி வச்சுக்குவாரு. மூணு ஏர் கிளீனரையும் கழட்டி வச்சிருந்தேன். 750-ல ஓடிட்டிருக்கு, ஃபெண்டர் மேல வச்ச டம்ளர்ல தண்ணி வட்டம் வட்டமா நடுங்குதே தவிர சிந்தல.

"மூணு கார்ப்னு சொன்ன, ஒரு வாய்லதான்டா காத்து போற சத்தம் கேக்குது"ன்னாரு.

"ஆமா சித்தப்பா, நடுவுல இருக்கறது மட்டும்தான் ஓடுது."

"மத்த ரெண்டும்?"

"தூங்குதுங்க."

கொஞ்ச நேரம் பேசல, கேட்டுட்டே இருந்தாரு. போன் திரைல அவர் காது மட்டும்தான் தெரியுது.

"அப்ப ரெட்டை மாடு இல்ல இது"ன்னாரு. அப்புறம், "சரி, எழுப்பிக் காட்டு, கேப்போம்."

போனை பொண்ணு கைல கொடுத்து மூணு வாய்க்கு மேல பிடிக்கச் சொல்லிட்டு, நான் லிங்கேஜ்ல கைய வச்சேன்.